மடை திறந்தவர் யார்?
பழைய ஹிப் ஹாப் இசைவட்டுகளும் ஒரு தலைமுறையின் வழக்கும்

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறை தெற்கு மாவட்டத்தில் இருக்கிறது சுங்கை பாக்காப். பழைய கடைவீடுகள், ஒரு மருத்துவமனை, ஒரு தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் செம்பனை. இப்படிப்பட்ட ஊர்களில் இரவுச் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் குவளைகளுக்கு நடுவே, அடிக்கடி ஒரு வழக்கு நடக்கும்.

"அண்ணே, தமிழில முதல் ராப் ஆல்பம் போட்டது ஹிப் ஹாப் தமிழாதானே?" என்று இருபது வயதுத் தம்பி கேட்பார்.

நாற்பதைத் தாண்டிய அண்ணன் சிரிப்பார். "தம்பி, நீ பிறந்த வருசம் 'வல்லவன்' வந்துச்சு. அதுக்கும் எட்டு வருசத்துக்கு முன்னாடி 'பொயட்டிக் அம்மோ' வந்துச்சு. போய் உங்க அப்பாவக் கேளு!"

"ரெண்டும் இல்ல, ரஹ்மானோட 'பேட்டை ராப்'தான் முதல்" என்று மூன்றாமவர் குறுக்கே பாய்வார். பேச்சு சூடு பிடிக்கும். கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்தும் வரை தீர்ப்பு வராது.

இது புதிய பழக்கம் அல்ல. பாகவதரா சின்னப்பாவா என்று தாத்தாக்கள் மோதினார்கள். இளையராஜாவா ரஹ்மானா என்று அப்பாக்கள் மோதினார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்த வழக்குகள் எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வந்த பாட்டுகளைப் பற்றியவை. இந்த வழக்கோ மலேசியத் தமிழ் இளைஞர்கள் மலேசியாவிலேயே செய்த ஒரு பொருளைப் பற்றியது. அதனால்தான் இதைக் கடைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. வரலாற்றின் முன் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கரும்பு, ரப்பர், செம்பனை, தொழிற்சாலை

தம்பியின் கேள்விக்கு விடை தேடும் முன், அந்தக் கடை மேசை போடப்பட்டிருக்கும் மண்ணைப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் கரும்புக் காடு. சீன முதலாளிகளும் பின்னர் ஐரோப்பியக் கம்பெனிகளும் இங்கே சர்க்கரைத் தோட்டங்கள் நடத்தினார்கள். கரும்பு வெட்ட நாகப்பட்டினம் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. 1910ஆம் ஆண்டோடு ஒப்பந்த முறை முடிந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பின்னர் ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது.

அடுத்த மாற்றம் வேகமானது. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியது. பிறையில் ஆலைகள் பெருகின. 1985ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறந்தது. 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. 2014ஆம் ஆண்டில் பத்து காவானிலிருந்து தீவுக்கு இரண்டாம் பாலம் போடப்பட்டது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. லயன் வீடுகள் இடிந்தன. குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் தாமான்களுக்கும் பெயர்ந்தன. பெரட்டுக்கு எழுப்பிய மணி நின்று, ஆலை பேருந்தின் ஹாரன் எழுப்பத் தொடங்கியது.

மிஞ்சியவை என்ன? ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு பெயர். வால்டோர், பைராம், சங்காட், ஜாவி ஆகிய தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் சுமக்கின்றன. தோட்டத்துத் தாலாட்டையும் ஒப்பாரியையும் ஆர்வலர் சிலர் ஏட்டில் பிடித்து வைத்தார்கள். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறிய முதல் தலைமுறை, அதாவது ஆலை வேலைக்கும் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாறிய தலைமுறை, எதைப் பாடியது? அதன் ஒப்பாரி எங்கே? அதன் கும்மி எங்கே? இந்தக் கேள்விக்குத்தான் பழைய இசைவட்டுகள் பதில் வைத்திருக்கின்றன.

நெடுஞ்சாலை கிழித்த இன்னொரு ஊர்

ஹிப் ஹாப் பிறந்த கதையிலும் ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியைக் குறுக்கே கிழித்துக்கொண்டு 'கிராஸ் பிராங்ஸ்' விரைவுச்சாலை போடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு இழந்தன. வசதி உள்ளவர்கள் வெளியேறினார்கள். கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும் இடிபாடுகளுக்கு நடுவே மிஞ்சினார்கள்.

அங்கே செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், ஓர் இளம்பெண் பள்ளித் திறப்புச் செலவுக்குப் பணம் சேர்க்க விருந்து வைத்தார். இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன். பாட்டில் பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில் கூட்டம் வெறியோடு ஆடுவதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பெட்டிகளில் போட்டு, அந்தத் தாளத் துண்டை மாற்றி மாற்றி நீட்டினார். அந்தத் தாளத்தின் மேல் பேச்சு ஏறியது. பேச்சு சந்தமானது. ராப் பிறந்தது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாத்தியம் வாங்கக் காசில்லாதவர்களுக்கு அப்பா வீட்டுப் பழைய இசைத்தட்டே வாத்தியம் ஆயிற்று. பழைய பாட்டை எடுத்தாள்வது ஹிப் ஹாப்பில் பின்னால் ஒட்டிக்கொண்ட குறை அல்ல. அதன் பிறவிக் குணம்.

1979ஆம் ஆண்டில் 'ராப்பர்ஸ் டிலைட்' உலகைச் சுற்றியது. 1982ஆம் ஆண்டில் 'தி மெசேஜ்' சேரி வாழ்க்கையின் மூச்சுத் திணறலைச் சொன்னது. 1988ஆம் ஆண்டில் 'பப்ளிக் எனிமி' குழு அரசியல் மேடை ஆயிற்று. 1994ஆம் ஆண்டில் நாஸ் என்ற இருபது வயது இளைஞரின் 'இல்மேட்டிக்' வந்தது. குடியிருப்பின் சன்னலிலிருந்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன அந்த வட்டை வைத்து அமெரிக்க ரசிகர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். நம்மூர்க் கடையில் நடப்பதற்கும் அதற்கும் குவளையில்தான் வேறுபாடு.

மூன்று கட்சிகள்

இப்போது தம்பியின் வழக்குக்கு வரலாம்.

முதல் கட்சி சினிமாக் கட்சி. 1993ஆம் ஆண்டில் 'ஜென்டில்மேன்' படத்தின் 'சிக்கு புக்கு ரயிலே' பாட்டிலும், 1994ஆம் ஆண்டில் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாட்டிலும் சுரேஷ் பீட்டர்ஸ் குரலில் ராப் வந்துவிட்டது. பேட்டை ராப்பில் அவரோடு தேனி குஞ்சரம்மாளும் ஷாகுல் ஹமீதும் சேர்ந்தார்கள். சென்னைப் பேச்சு, நாட்டுப்புறக் குரல், மேற்கத்தியத் தாளம் மூன்றும் ஒரே பாட்டில் கலந்தன. தமிழ்க் காது ராப்பைப் பரவலாகக் கேட்டுப் பழகியது இங்கேதான். இதை மறுக்க முடியாது. ஆனால் அது படத்துக்குள் ஒரு காட்சி. பாத்திரம் பாடியது. பாடியவரின் சொந்தக் கதை அது அல்ல.

இரண்டாம் கட்சி மலேசியக் கட்சி. கோலாலம்பூரில் யோகி பி, லேண்ட்ஸ்லைட், சி. லோக்கோ, பாய்ண்ட் பிளாங்க் ஆகிய நால்வர் சேர்ந்த 'பொயட்டிக் அம்மோ' 1998ஆம் ஆண்டில் 'இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்' என்ற வட்டை வெளியிட்டது. ஆசியப் பொருளாதார நெருக்கடியில் ரிங்கிட் சரிந்து ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில், உயிரோடு இருக்க இது நல்ல நாள் என்று பொருள்படும் தலைப்பு! முதன்மை மொழி ஆங்கிலம். கூடவே மலாய், தமிழ், கண்டோனீஸ். மலேசியத் தெருவில் நான்கு நண்பர்கள் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி.

2006ஆம் ஆண்டில் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'யோகி பி அண்ட் நட்சத்திரா' என்ற பெயரில் 'வல்லவன்' வெளியிட்டார்கள். இந்த முறை தமிழ் ஓரத்தில் நிற்கவில்லை. நடுவில் வந்து நின்றது. அதிலிருந்த 'மடை திறந்து' கடல் கடந்தது. சென்னை பண்பலை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தது. நூறு ஆண்டுக்கு மேல் பாட்டு ஒரு திசையில்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது இங்கிருந்து அங்கே போயிற்று.

மூன்றாம் கட்சி இளையோர் கட்சி. 2012ஆம் ஆண்டில் ஆதியும் ஜீவாவும் சேர்ந்த 'ஹிப் ஹாப் தமிழா' குழு 'ஹிப் ஹாப் தமிழன்' வட்டை வெளியிட்டது. தமிழ்நாட்டில் சினிமாவின் தயவில்லாமல் தனித்து வந்த முழு ராப் வட்டு என்ற பெருமை அதற்கு உண்டு. 'சொல்லிசை' என்ற அழகான சொல் மக்கள் வாயில் ஏறியதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

இதற்கிடையே இலண்டனில் வளர்ந்த ஈழத்துப் பெண் மாதங்கி அருள்பிரகாசம் 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் 2005ஆம் ஆண்டில் 'அருளர்', 2007ஆம் ஆண்டில் 'கலா' என்று தந்தை பெயரிலும் தாய் பெயரிலும் ஆங்கில வட்டுகள் வெளியிட்டு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அவரை எந்தக் கட்சியில் வைப்பது?

ஆக, "முதல் யார்?" என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. பாட்டை எண்ணினால் ஒருவர், குழுவை எண்ணினால் ஒருவர், முழு வட்டை எண்ணினால் ஒருவர், நாட்டை எண்ணினால் இன்னொருவர். அளவுகோலைச் சொல்லாமல் அளந்தால் சண்டைதான் மிஞ்சும்.

இரவல் பாட்டா?

'மடை திறந்து' பற்றி அன்றிலிருந்து இன்று வரை எழும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. "இளையராஜா பாட்டை எடுத்து நடுவில் நாலு வரி பேசிவிட்டால் அது படைப்பா?" என்பது. எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. மூலப் படைப்பாளியின் உரிமை உண்மையானது. அமெரிக்காவிலும் இதே வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1991ஆம் ஆண்டில் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, பழைய பாட்டின் துண்டை அனுமதி இன்றி எடுப்பது அங்கே ஆபத்தானது. ராப் இசை உருவாகும் முறையே அதனால் மாறிப் போயிற்று.

ஆனால் எடுத்தது எந்தப் பாட்டு என்பதைப் பார்க்க வேண்டும். மூலப் பாட்டு 1980ஆம் ஆண்டில் பாரதிராஜா இயக்கிய 'நிழல்கள்' படத்தில் வந்தது. பாடியவர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம். வேலை இல்லாமல் நகரத்தில் அலையும் இளைஞர்களின் கதை அது. அந்தப் பாட்டோ, யாரும் கதவு திறக்காத ஓர் இசைக் கலைஞன் காணும் வெற்றிக் கனவு. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, சினிமா உலகத்துக்கு வெளியே, வேறு நாட்டில், யாரும் கதவு திறக்காத மூன்று இளைஞர்கள் அதே கனவைத் தேர்ந்தெடுத்தார்கள். தற்செயல் என்று சொன்னாலும் பொருத்தம் பொருத்தம்தான். படத்தில் அந்தக் கனவு நிறைவேறவில்லை. இவர்களுக்கு நிறைவேறியது.

அடுத்த ஆண்டே இன்னொரு சுற்று நடந்தது. 1979ஆம் ஆண்டில் வெளிவந்த 'நினைத்தாலே இனிக்கும்' படத்தின் குழு சிங்கப்பூர் வந்து படம் பிடித்துப் போனது. அதில் எம்.எஸ்.விசுவநாதன் இசையில் வந்த 'எங்கேயும் எப்போதும்' பாட்டு, 2007ஆம் ஆண்டில் வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' படத்தில் புது வடிவம் எடுத்தபோது, அதில் யோகி பி குரல் கலந்தது. பின்னர் 'ஆடுகளம்', 'விவேகம்' என்று அந்தக் குரல் தொடர்ந்தது.

மொழியும் முரட்டுத்தனமும்

இன்னொரு வாதம் ஆசிரியர்கள், பெற்றோர் பக்கமிருந்து வருவது. "தமிழைக் கெடுக்கிறார்கள், பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்."

இதற்கு ரசிகர்கள் உடனே ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "ராப் நம்முடையதுதான். கானா இல்லையா? எசப்பாட்டு இல்லையா? தஞ்சைப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இருவர் மேடையிலேயே பாட்டால் மோதவில்லையா?" கேட்க இனிக்கிறது. ஆனால் ஒப்புமை வேறு, உறவு வேறு. லாவணியிலிருந்து பிராங்ஸுக்கு யாரும் போகவில்லை. சந்தத்துக்குப் பழகிய காது தமிழனுக்கு இருந்ததால் ராப் இங்கே விரைவில் ஒட்டிக்கொண்டது என்று சொல்வதே நியாயம்.

மொழிக் குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. ஆங்கிலமும் மலாயும் கலந்த தமிழ்தான் அது. ஆனால் தமிழில் பேசவே கூச்சப்பட்ட பதின்ம வயதினர், தமிழ் வரிகளை மூச்சு விடாமல் மனப்பாடம் செய்து ஒப்பித்தது அந்தக் காலத்தில்தான் என்பதும் உண்மை. வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கத் தடுமாறிய பையன் பேருந்து நிறுத்தத்தில் தடுமாறவில்லை.

முரட்டுத்தனம் பற்றிய கவலையும் பொய் அல்ல. குண்டர் கும்பல் என்ற சொல் இந்திய இளைஞர் மேல் ஒட்டப்பட்ட நாட்டில், கத்தியையும் கும்பலையும் மெச்சும் பாட்டு வந்தால் தாய்க்கு வயிறு எரியத்தான் செய்யும். அப்படிப்பட்ட பாட்டுகளும் பின்னாளில் வந்தன. ஆனால் 'வல்லவன்' என்ற பெயரையே பாருங்கள். திறமை உள்ளவன் என்பதல்லவா பொருள்? எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி எறிந்தால் நெல்லும் பதரும் சேர்ந்தே போகும்.

இரண்டாம் முறை கேட்கும்போது

இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்பவருக்கு வேறு சில காதில் விழுகின்றன. 2006ஆம் ஆண்டில் அது ஆட்டம். இன்று அது சான்று.

அந்த இளைஞர்கள் நகரத்துப் பிள்ளைகள். 'வல்லவன்' தோட்டத்தில் பிறந்த வட்டு அல்ல. ஆனாலும் சுங்கை பாக்காப்பில், நிபோங் திபாலில், ஜாவியில், லயனை விட்டு வந்த வீட்டுப் பையன் அதைத் தன் குரலாக எடுத்துக்கொண்டான். ஏன்? அதில் கெஞ்சல் இல்லை. "ஐயா, பார்த்துச் செய்யுங்கள்" என்ற கங்காணி காலத்துத் தொனி இல்லை. நிமிர்ந்து நின்று பெயரைச் சொல்லும் தொனி இருந்தது. அதற்கு முன் அந்தத் தொனியைச் சினிமா நாயகனிடம்தான் கேட்டிருந்தான். தன் ஊர்ப் பேச்சில் கேட்டதில்லை.

வட்டு வந்த மறு ஆண்டு, 2007 நவம்பர் 25ஆம் நாள், பல்லாயிரம் மலேசிய இந்தியர்கள் கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்டார்கள். பாட்டுதான் அவர்களைத் திரட்டியது என்று சொன்னால் அது மிகை. அதற்கு ஆழமான காரணங்கள் வேறு. ஆனால் இரண்டும் ஒரே காற்றில் நடந்தவை. அந்தக் காலத்து இளைஞர் எப்படிப் பேசினார்கள், எதை நினைத்துப் பெருமைப்பட்டார்கள், எதற்குக் கொதித்தார்கள் என்று நாளைய ஆய்வாளர் தேடினால், நாளிதழ்த் தலைப்பில் கிடைக்காத ஒன்று இந்த வட்டுகளில் கிடைக்கும்.

கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலை 2002ஆம் ஆண்டில் தொடங்கியது. முதல் பட்டியலிலேயே 'தி மெசேஜ்' இடம் பெற்றது. சேரிப் பாட்டு என்று ஏசப்பட்டது நாட்டின் நினைவுச் செல்வம் ஆயிற்று. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. 'டி லா சோல்' குழுவின் 1989ஆம் ஆண்டு வட்டு புகழ் பெற்றது. ஆனால் எடுத்தாண்ட பாட்டுத் துண்டுகளின் உரிமைச் சிக்கலும் கம்பெனித் தகராறும் சேர்ந்து, இணைய இசைச் சேவைகளில் 2023ஆம் ஆண்டு வரை அது கிடைக்கவில்லை. ஒரு தலைமுறை அதன் பெயரை மட்டுமே கேட்டு வளர்ந்தது.

மலேசியாவிலும் சட்டம் உண்டு. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் நூல்களோடு ஒலிப்பதிவுகளும் தேசிய நூலகத்தில் சேர வேண்டும். ஆனால் 1990களிலும் 2000களிலும் சிறு முதல் போட்டு வட்டு வெளியிட்ட தமிழ் இளைஞர்களுக்கு, பசார் மாலாமில் விற்ற திருட்டு வட்டோடு போராடவே நேரம் போதவில்லை. நூலகத்தை யார் நினைத்தார்கள்? மாலை நேரச் சந்தையில் சில வெள்ளிக்கு விற்ற நகல்தான் பல ஊர்களுக்குப் பாட்டைக் கொண்டு சேர்த்தது. பாடியவன் வயிற்றில் அடித்ததும் அதே நகல்தான்.

ஆகவே ரசிகர்கள் தொடர்ந்து வழக்காடட்டும். வழக்காடும் வரைதான் ஒரு பாட்டு உயிரோடு இருக்கும். அதோடு ஒன்றிரண்டு காரியங்களும் நடக்க வேண்டும். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய வட்டை எறியாமல் வைக்க வேண்டும். உறையில் உள்ள பெயர்களை, அதாவது எழுதியவர், இசை கோத்தவர், பதிவு செய்தவர் பெயர்களை எழுதி வைக்க வேண்டும். எந்த ஆண்டில், எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கினோம் என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி நூலகங்களும் பொது அமைப்புகளும் ஒரு பெட்டி ஒதுக்கினால் போதும். தாத்தா பாடிய தோட்டத்துப் பாட்டில் பெரும்பகுதி பதிவாகாமலே போயிற்று. பேரன் காலத்தில் பதிவு ஆனதாவது மிஞ்ச வேண்டாமா?

கடை மூடும் நேரத்தில் தம்பி கேட்பார்: "அண்ணே, அந்த 'பொயட்டிக் அம்மோ' சிடி இன்னும் வச்சிருக்கீங்களா?"

"இருக்கு தம்பி. போட்டுக் கேக்கத்தான் பெட்டி இல்ல."

"எங்க தாத்தா வீட்டுல ஒரு பழைய பெட்டி இருக்கு. நாளைக்குக் கொண்டுட்டு வர்றேன்."

வட்டு ஒரு வீட்டில், பெட்டி இன்னொரு வீட்டில். இரண்டும் கெட்டுப் போகும் முன் ஒரே மேசைக்கு வந்தால், "முதல் யார்?" என்ற வழக்கு தீராமல் போனாலும் குறை ஒன்றுமில்லை.